பஸ்ஸில் படித்த ஐந்தாம் வகுப்பு

கிருஷ்ணகுமாரி டீச்சர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார் என்று எங்கள் வகுப்பில் ஒரு பேச்சு இருந்தது.

அது 2003ஆம் ஆண்டு. இரத்தினபுரி நகரத்தில் ஒரு பாடசாலையின் மேல்மாடியில் சனி, ஞாயிறுகளில் பல்கலைக்கழகத்தின் கல்விப் பட்டப் பாடநெறி நடந்தது. கிழமை நாட்களில் ஆசிரியர்களாக இருக்கும் முப்பத்தொரு பேர், அந்த இரண்டு நாளும் மாணவர்களாகி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் மேசைகளுக்குள் முழங்காலை மடக்கி நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கிருஷ்ணகுமாரி எப்போதும் ஜன்னலோரம். மழை இல்லாத காலையில் அங்கிருந்து சிவனொளிபாதமலையின் கூம்பு தெரியும். மழை இல்லாத காலை இரத்தினபுரியில் அபூர்வம். மலை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அவர் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பேனை கையில் இருக்கும், எழுதாது.

உளவியல் எடுத்த நுஹ்மான் சேர் ஒருநாள் விரிவுரையைப் பாதியில் நிறுத்தினார்.

"கிருஷ்ணகுமாரி, நான் கடைசியாச் சொன்னது என்ன?"

அவர் எழுந்து நின்றார். முகத்தில் இன்னும் ஜன்னல் வெளிச்சம் இருந்தது. "பிள்ளைங்க தெரிஞ்ச எடத்துலயிருந்துதான் தெரியாத எடத்துக்குப் போகும்னு சொன்னீங்க சேர். அதுக்கு முன்னால, உங்க மகன் நிலாவப் பாத்து ரொட்டின்னு கேட்டு அழுத கதையச் சொன்னீங்க."

வகுப்பு சிரித்தது. சேரும் சிரித்துவிட்டார். தூக்கம் என்ற பேச்சு அன்றோடு நின்றது. ஆனால் அவர் அந்த ஜன்னலால் எங்கே போய் வருகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிய வந்தது பஸ்ஸில்தான். நான் றமீலா. பலாங்கொடை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் சாலி ஹாஜியாரின் மூன்றாவது மகள். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. டவுன் பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கி இரண்டு வருடம். முப்பத்தொரு பேரில் பலாங்கொடைப் பக்கம் போகிறவர்கள் கிருஷ்ணகுமாரியும் நானும்தான். மாலை நாலு மணிக்கு வகுப்பு முடிந்தால் ஒரே பஸ், பெரும்பாலும் ஒரே சீட். அவர் பலாங்கொடையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, முக்கால் மணி நேரம் மலையேறி ஊத்துமலைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். கணவர் ஸ்ரீதரன் தேயிலைப் பெக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை. ஒரு மகள். தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு அந்தந்தத் தோட்டத்துப் படித்த பிள்ளைகளையே ஆசிரியர்களாக எடுத்தபோது, தொண்ணூற்று நாலில் அவருக்கும் நியமனம் கிடைத்தது. என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை "றமீலா டீச்சர்" என்பார்.

முதல் மூன்று மாதம் எங்களுக்குள் அதிகம் பேச்சு இல்லை. பஸ் புறப்பட்டால் அவர் ஜன்னலோடு போய்விடுவார். நான் தூங்கிவிடுவேன்.

அந்த வருடம் செப்டெம்பரில் நுண்கற்பித்தல் வந்தது. ஆசிரியராகப் பயிற்சி பெறுகிறவர் இருபது நிமிடத்துக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும். மற்ற எல்லோரும் அந்தந்த வயதுப் பிள்ளைகளாக இருந்து படிக்க வேண்டும். சேர் பின்னால் இருந்து புள்ளி போடுவார். பிஸ்கட் டின்னுக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தோம். எனக்குத் தரம் ஐந்து, கணிதம், பின்னம்.

படிப்பிப்பது எனக்குப் பயமில்லை. என் பயமெல்லாம் அந்தப் "பிள்ளைகள்" மேல்தான். நாற்பது வயதுக்காரர்கள் பத்து வயதாகக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவார்களா? எனக்கு முன்னால் பாடம் நடத்திய நிவித்திகல ஊர் மாஸ்டரை அழ வைக்காத குறை. ஒருவர் பென்சிலைக் காணவில்லை என்றார். ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒன்றுக்கு விடச் சொல்லிக் கேட்டார். இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள்.

வாப்பாவின் கடையிலிருந்து வெள்ளைத் துணியில் ஒவ்வொரு கஜ நீளத்தில் நாலு பட்டி வெட்டி எடுத்துப் போனேன். ஒன்று முழுசு. ஒன்றை இரண்டாக, ஒன்றை மூன்றாக, ஒன்றை நாலாக வெட்டியிருந்தேன். நான் உள்ளே போனபோது கிருஷ்ணகுமாரி அக்கா ஜன்னலோரத்தை விட்டு முன் வரிசை நடுவில் வந்து உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் மேசை மேல் கட்டியபடி இருந்தன.

அரை, கால் எல்லாம் காட்டிவிட்டு, பலகையில் மூன்றில் ஒன்றையும் நாலில் ஒன்றையும் எழுதினேன்.

"பிள்ளைகள், இதுல எது பெருசு?"

"நாலுல ஒன்னு!" அக்கா சட்டென்று சொன்னார்.

"ஏன்?"

"நாலுதானேங்க டீச்சர் பெருசு?"

பின்னால் கைதட்டினார்கள். பிள்ளைகள் விடும் அதே பிழை. என் பாடக்குறிப்பில் எதிர்பார்க்கப்படும் பிழை என்று நான் எழுதி வைத்திருந்ததும் அதுதான். நல்ல வேளை, அக்கா எனக்கு உதவி செய்கிறார் என்று மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு, துணித் துண்டுகளை அவர் முன்னால் வைத்தேன்.

"மூன்றில் ஒன்றையும் நாலில் ஒன்றையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

வைத்தார். ஓரங்களைச் சரிபார்த்து இழுத்து வைத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வகுப்பில் யாரோ பேப்பர் ரொக்கட் விட்டது என் காதோரம் போனது. அவர் நிமிரவில்லை. பிறகு துண்டுகளைப் புரட்டி மறுபடி வைத்தார். நான் சொல்ல வேண்டிய அடுத்த வசனம் என் வாயில் இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லத் தோன்றவில்லை. அப்படி ஒரு முகத்தை நான் என் வகுப்பில், உண்மையான பிள்ளைகளிடம்தான், அதுவும் எப்போதாவதுதான் கண்டிருக்கிறேன்.

"டீச்சர்." குரல் மிகவும் மெல்லியதாக வந்தது. "கீழ எழுதுற நம்பரு, எத்தன பேருக்குப் பங்குன்னு சொல்றதா?"

"ஓ," என்று தலையாட்டினேன்.

"அப்ப, ஆள் கூடக் கூட ஒருத்தருக்குக் கெடைக்கிறது சின்னதாகும்."

"ஓ, அதுதான்."

"அதுதானா?" என்றார். "இவ்வளவுதானா?"

மணி அடித்தது. என் இருபது நிமிடம் முடிந்து நாலு நிமிடம் ஆகியிருந்தது. சேர் அதை அடிக்காமல் விட்டு வைத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் எழுந்து வந்து என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? பிள்ளை எப்படிப் பிழை விடும், எங்க நிண்டு யோசிக்கும், எல்லாத்தையும் இவங்க கவனிச்சு வெச்சிருக்காங்க. நடிச்சாலும் இப்படி நடிக்கணும்."

எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். அக்கா சிரித்தார். துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி என்னிடம் தந்தார்.

அன்று பஸ் லெல்லோபிட்டிய தாண்டியிருந்தது. வெளியே மழை. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, றப்பர் மரங்கள் தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல் தெரிந்தன. அவர் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு போட்டு, மேலே ஒன்றும் கீழே மூன்றும் எழுதினார்.

"றமீலா டீச்சர், நான் நடிக்கலங்க."

எனக்கு விளங்கவில்லை.

"எனக்கு அது இன்னைக்குத்தான் வெளங்குச்சு. நெசமா."

பிறகு சொன்னார். அவர் நாலாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா மலையில் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். அம்மா புஷ்பம் ஒருவர்தான் கொழுந்து பறித்தது. தோட்டத்தில் இருந்த ஒருவர் மூலமாக ஒன்பது வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டு எசமானி நோனா கெட்டவர் இல்லை, அடித்ததில்லை. வீட்டில் இவர் வயதிலேயே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்குப் பின்னேரங்களில் டியூஷன் கொடுக்க ஒரு மிஸ் வருவார். படிக்கும் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர்.

"செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் சட்டி தேய்ப்பேன். அந்தப் பக்கம் அந்த மிஸ் சொல்லிக் குடுப்பாங்க. பாகய, கால, துன்கால. பாகய, கால, துன்கால. அந்தப் புள்ளயும் கூடச் சொல்லும். அரை, கால், முக்கால்தான் அது. எனக்கு அப்பச் சிங்களம் தெரியாது. பாட்டுன்னு நெனச்சேன். நல்ல பாட்டு. அந்த மெட்டுக்கே சட்டி தேய்ச்சிருக்கேன்."

"பொறகு?"

"ரெண்டு வருசம் கழிச்சு அம்மா வந்து வாசல் கேட்டுக்கிட்ட நின்னாங்க. வா போவோம்னாங்க. வேற ஒன்னும் சொல்லல. பதினொரு வயசுதானேன்னு பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்புல போட்டுட்டாங்க. அஞ்சாம் வகுப்பே நான் படிக்கல டீச்சர். நாலுல பாதியும் இல்ல."

ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கை அவர் பாடமாக்கித்தான் படித்திருக்கிறார். மேலே உள்ளதை மேலே பெருக்கு, கீழே உள்ளதைக் கீழே பெருக்கு, வகுத்தல் என்றால் தலைகீழாக்கு. ஏன் என்று கேட்கவில்லை. சோதனையில் கணக்குக்குச் சாதாரண சித்தி, வெறும் பாஸ், வந்தது. உயர்தரப் பரீட்சையும் பாஸ் பண்ணினார். ஆசிரியையாகி ஒன்பது வருடம் தரம் ஐந்துக்குப் பின்னம் வரும் கிழமைகளில் எல்லாம், பக்கத்து வகுப்புக் காத்தமுத்து மாஸ்டரிடம் அந்தப் பாடத்தைக் கொடுத்துவிட்டு, அவருடைய சிங்களப் பாடத்தை இவர் எடுப்பார்.

"இன்னைக்கு முன்னுக்கு வந்து ஒக்காந்தது ஏன்னா, அஞ்சாம் வகுப்புன்னு சொன்னீங்க. ஒரு இருவது நிமிசத்துக்காவது அதுல இருக்கலாமேன்னு நெனச்சேன். பின்னம்னு தெரிஞ்சிருந்தா பின்னாலயே இருந்திருப்பேன்."

நான் ஒரு ஆசிரியையாக அதுவரை யாருக்கும் எதையும் முதல் முதலாகக் கொடுத்ததாக நினைத்ததில்லை. பஸ் பெல்மடுளைச் சந்தியில் நின்றது. அன்னாசி விற்பவர்கள் ஏறி இறங்கினார்கள். கண்ணாடியில் அவர் எழுதியது வழிந்து போயிருந்தது.

பலாங்கொடையில் இறங்கும்போது கேட்டார். "அடுத்த கெழமயும் பாடம் நடத்துவீங்களா? இந்த பஸ்ஸுலயே?"

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அப்படித்தான் அந்த வகுப்பு தொடங்கியது. என் பாடசாலையிலிருந்து தரம் நாலு, ஐந்துக்குரிய பழைய புத்தகங்களை எடுத்துப் போனேன். அவர் இரண்டு கொப்பிகளுக்குப் பிரவுண் தாள் உறை போட்டு, பெயர் எழுதி, ஒரு பென்சிலும் அழிறப்பரும் கொண்டு வந்தார். முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார்.

"பெரியாளுக்குச் சொல்ற மாதிரி சொல்லாதீங்க டீச்சர். அப்பிடிச் சொன்னா வெளங்கிருச்சுன்னு தலையாட்டிருவேன். இத்தன வருசமும் அப்பிடித்தான் தலையாட்டிக்கிட்டு வந்தேன். பத்து வயசுப் புள்ளைக்குச் சொல்றாப்பல சொல்லுங்க."

இரத்தினபுரி பஸ் நிலையத்தில் ஏறும்போது முப்பத்திமூன்று வயதாக இருப்பார். பஸ் ஆற்றோரத்தை விட்டு மலைப்பக்கம் திரும்பும் இடத்தில் தோள்கள் தளர்ந்து, குரல் மாறிவிடும். அது நடிப்பில்லை, நான் பார்த்திருக்கிறேன். பெல்மடுளைக்கும் ஓப்பநாயக்கவுக்கும் நடுவில் வயல் வரும்போது பரப்பளவு, சுற்றளவு படித்தோம். எந்த வயல் நீளம், எது அகலம், வரப்பைக் கூட்டினால் என்ன வரும் என்று ஜன்னலைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். மழை பெய்யும் நாளில் நீர் வட்டம். கடலிலிருந்து ஏறிய ஆவி மலையில் மோதி மழையாகி, பஸ் கூரையில் விழுந்து, ஆற்றில் ஓடிக் கடலுக்கே போகிறது என்றபோது, "அப்ப கொழும்புல நான் பாத்த கடலு இதுக்குள்ளயும் இருக்குமா டீச்சர்?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார். இருக்கும் என்றேன். அன்று இறங்கும்வரை கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தார்.

அந்தப் பயணங்களை இப்போது நினைத்தால் ஒரு நீண்ட பின்னேரம் போலத்தான் வருகிறது. எந்தப் பாடம் எந்தக் கிழமை என்று பிரிக்க முடியவில்லை. ஈரத் துணி வாசம். கொண்டக்டரின் வானொலி. தூங்கி விழும் ஆட்களுக்கு நடுவில் ஒரு பெண் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். கொண்டக்டருக்கும் பழகிவிட்டது. "டீச்சர், அத ஹோம்வேர்க் தீலா நெத்த?" என்று என்னைக் கேட்பான், இன்றைக்கு வீட்டுவேலை கொடுக்கவில்லையா என்று.

ஒரு சனிக்கிழமை வீட்டுவேலை செய்யாமல் வந்தார். கொப்பி எங்கே என்றேன்.

"மாடு தின்னுருச்சு டீச்சர்."

நான் முறைத்துப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. பிறகு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம். "எல்லாப் புள்ளைகளும் என்கிட்ட சொல்லியிருக்கு. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார்.

2004 ஓகஸ்டில் தரம் ஐந்துப் பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே நானும் அவருக்கு ஒரு வினாத்தாள் தயாரித்துக் கொண்டு போனேன். பஸ் புறப்பட்டதும் கொடுத்து, பலாங்கொடையில் வாங்கினேன். குழிகளில் பஸ் ஏறி இறங்கிய இடமெல்லாம் எழுத்து நடுங்கியிருந்தது. வீட்டில் வைத்துத் திருத்தினேன். உம்மா, "யாருட பிள்ள இது, இவ்வளவு வடிவா எழுதி ஈக்கி?" என்று கேட்டார். இருநூறுக்கு நூற்று அறுபத்திரண்டு. அடுத்த கிழமை வினாத்தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"அவருகிட்ட காட்டணும்" என்றார். ஸ்ரீதரன் அண்ணனிடம் காட்டினாராம். அவர் கொழுந்து வாசத்தோடு வந்து நின்று முழுவதையும் படித்துவிட்டு, "ஏழாவது கேள்வி ஏன் விட்டுட்ட?" என்று கேட்டாராம்.

அந்தக் கிழமையே அக்கா காத்தமுத்து மாஸ்டரிடம் போய், "இனிப் பின்னத்த நானே எடுக்கிறேன் மாஸ்டர்" என்றிருக்கிறார்.

"ஏம்மா, இத்தன வருசமா நான்தானே எடுத்தேன்? கொறையா?"

"கொறை இல்லங்க. எனக்கு அத எடுக்க ஆசையா இருக்கு."

மறுவருடம், இறுதிக் கற்பித்தற் பயிற்சி. விரிவுரையாளர் ஒவ்வொருவருடைய பாடசாலைக்கும் நேரில் வந்து பாடத்தைப் பார்த்துப் புள்ளி போட வேண்டும். எனக்கு முன்கூட்டியே முடிந்துவிட்டது. எண்பத்தொன்று. அக்கா தன் பாடமாகப் பின்னத்தை எடுத்தார். ஆறு பெரிய தாள்களில் வர்ணம் தீட்டிப் படங்கள் செய்திருந்தார். பஸ்ஸில் விரித்துக் காட்டினார். பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள். அந்த நாள் நடந்ததில் பாதியை எனக்குச் சொன்னது அவர். மீதியைச் சொன்னது நுஹ்மான் சேர்.

ஊத்துமலைப் பள்ளிக்கூடம் ஒரே ஒரு நீளமான மண்டபம். இடுப்பளவு சுவர், அதற்கு மேல் திறந்த வெளி. ஒரு மூலையில் தரம் ஐந்து. அன்று காலை எட்டு மணிக்கு வெயில் இருந்தது. பத்து மணிக்குச் சேர் வர வேண்டும். ஒன்பதரைக்கு மலையிலிருந்து பனி இறங்கியது. அரைச் சுவருக்கு மேலால் உள்ளே வந்து, மேசைகளுக்குக் கீழே புகுந்து, பலகையை மூடியது. காத்தமுத்து மாஸ்டரின் வகுப்பு ஒரு சத்தமாக மட்டும் இருந்தது. அக்கா படங்களைத் தொங்கவிட்டார்.

"டீச்சர், தெரியல!"

"கிட்ட வாங்க."

"கிட்ட வந்தாலும் தெரியல டீச்சர்!"

அவர் கொஞ்ச நேரம் வெள்ளைக்கு நடுவில் நின்றாராம். பிறகு படங்களை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குள் நடந்து வந்தார்.

"எல்லாரும் எந்திரிங்க. இந்த பெஞ்சுல மூனு பேரு ஒக்காருங்க. அந்த பெஞ்சுல அஞ்சு பேரு. யாருக்கு எடம் கூட?"

"மூனு பேருக்கு!"

"இந்த பெஞ்சுல ஒருத்தருக்கு எவ்வளவு எடம்?"

"மூனுல ஒன்னு!"

"அந்த பெஞ்சுல?"

"அஞ்சுல ஒன்னு டீச்சர்!"

விஜயகலா என்று ஒரு பிள்ளை. வாயைத் திறக்கவே மாட்டாள். அக்கா வெண்கட்டியை அவள் கையில் கொடுத்து, "இப்ப நீ டீச்சர். நான் புள்ள. என்னைய எங்க வேணும்னாலும் ஒக்கார வை" என்றார். அந்தப் பிள்ளை யோசித்து, ஐந்து பேர் இருந்த பெஞ்சிலேயே அவரையும் நெருக்கி உட்கார வைத்தாள். நசுங்குது, நசுங்குது என்று பெஞ்சு முழுக்கக் கூச்சல்.

"கிருஷ்ணகுமாரி, இப்ப ஒனக்கு எவ்வளவு எடம்?" விஜயகலாவின் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது.

"ஆறுல ஒன்னு டீச்சர்."

"அது அஞ்சுல ஒன்ன விடப் பெருசா, சின்னதா?"

"சின்னது டீச்சர். முட்டி இடிக்குது."

சேர் அப்போது வாசலில் நின்றிருக்கிறார். பாதை தெரியாமல் ஜீப்பைக் கீழேயே விட்டுவிட்டு நடந்து வந்தவர், பதினைந்து நிமிடம் அங்கேயே நின்றாராம். குரல்கள் மட்டும் கேட்டன. எந்தக் குரல் ஆசிரியை, எது பிள்ளை என்று அவருக்குத் தெரியவில்லை. "நான் இவ்வளவு வருஷம் பாடம் பாத்திருக்கன். கண்ண மூடிக்கொண்டு பாத்தது அது ஒண்டுதான்" என்று எங்களிடம் சொன்னார். பிறகு, "டீச்சர் எங்க?" என்று கேட்டபோது பெஞ்சிலிருந்து ஆறு பேரும் ஒன்றாக எழுந்து நின்றார்களாம்.

ஆனால் புள்ளித் தாளுக்கு என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. கரும்பலகை உபயோகம், காட்சிச் சாதனங்கள், ஆசிரியர் நிற்கும் முறை. எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அந்தக் கட்டங்களில் எழுத அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. குறிப்பில் எழுதினார்: மூடுபனி காரணமாக ஆசிரியை தென்படவில்லை. கற்றல் நடைபெற்றமை காதால் கேட்டு உறுதி செய்யப்பட்டது. ஐம்பத்தெட்டுப் புள்ளி.

எனக்குக் கோபம் வந்தது. இன்னொரு நாள் வரச் சொல்லிக் கேளுங்க, சட்டம் இருக்கு என்றேன். அக்கா கேட்கவில்லை. "பாஸ்தானே" என்றார். "அவரு தேத்தண்ணி குடிச்சிட்டு இறங்குறப்ப பெஞ்சத் தொட்டுப் பாத்துட்டுப் போனாரு, றமீலா." அன்றுதான் முதல் தடவையாக டீச்சர் என்று சேர்க்காமல் என் பெயரைச் சொன்னார்.

2006இல் பட்டம் கிடைத்தது. கொழும்பில் ஒரு பெரிய மண்டபத்தில் கறுப்பு அங்கி போட்டு வரிசையில் நின்றோம். ஸ்ரீதரன் அண்ணன் மகளைத் தோளில் தூக்கிக் காட்டினார். படம் எடுத்தோம். அக்காவின் கண் அதிலும் வேறெங்கோதான் பார்க்கிறது.

அடுத்த வருடம் எனக்குக் கலியாணமாகி வரக்காப்பொலைக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரத்தினபுரி பஸ் என் வாழ்க்கையிலிருந்து போய்விட்டது. எப்போதாவது தொலைபேசியில் பேசுவோம். உம்மாவைப் பார்க்கப் பலாங்கொடைக்குப் போன ஒரு விடுமுறையில், 2009 ஓகஸ்டாக இருக்க வேண்டும், ஊத்துமலைக்கு ஏறினேன். பாடசாலை மூடியிருக்கும், அவர் இருக்கும் லயத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் மண்டபத்தில் சத்தம் கேட்டது.

நாலு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயது வரை. வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள். அதிபர் அவர்களை வயதுக்கேற்ற வகுப்பில் போட்டிருந்தார். அக்கா விடுமுறையிலும் பின்னேரங்களிலும் கூப்பிட்டு வைத்துப் படிப்பிக்கிறார். முதலில் ஏழு பேர் வந்தார்களாம். மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்தி கொழுந்து பறிக்கவே போய்விட்டாள். "கூப்பிடத்தான் போகணும் இன்னொரு தடவ" என்றார்.

அன்று புதிதாக ஒரு பிள்ளை வந்திருந்தாள். தவச்செல்வி என்று பெயர். பதினான்கு வயது. நகங்கள் துணி துவைத்த சவர்க்காரத்தில் வெளிறியிருந்தன. அக்கா எந்த வகுப்பு என்று கேட்கவில்லை.

"எந்தப் பாடத்துல விட்ட, ஞாபகம் இருக்கா?"

அவள் நீண்ட நேரம் யோசித்தாள். பாடத்தின் பெயர், படித்த வருடம் எல்லாம் மறந்திருக்க வேண்டும். பிறகு முகம் மெல்லத் தெளிந்தது.

"பூமி சுத்துற பாடம் டீச்சர். பாதியில இருந்துச்சு. பகல் முடிஞ்சு அந்தப் பக்கம் இருட்டாகப் போகுதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அடுத்த நாள் என்னையக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

அக்கா மேசை லாச்சியைத் திறந்து தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. என் பையைப் பார்த்தார். உம்மா அவருக்கென்று கொடுத்தனுப்பிய ஆரஞ்சுத் தோடம்பழங்கள் இருந்தன. ஒன்றை எடுத்து, பேனையால் ஒரு சின்னப் புள்ளி வைத்தார்.

"இது நீ. ஊத்துமல இங்க இருக்கு. பாத்துக்க."

சுவருக்கு மேலால் சரிந்து வந்த வெயிலில் பழத்தைப் பிடித்து, அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தார். "நீயே சுத்து. அவசரமில்ல."

தவச்செல்வி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு மிகவும் மெதுவாகத் திருப்பினாள். புள்ளி வெளிச்சத்தை விட்டு விலகி, ஓரத்துக்கு வந்து, மறுபக்கம் போனது. மற்ற மூன்று பிள்ளைகளும் எழுந்து சுற்றி வந்து நின்றார்கள். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன்.